வாளிக் கணக்கு

வீடு காட்ட வந்த தரகர் பின்கதவைத் திறக்கவே இல்லை.
"அது சும்மா இடம்" என்றார்.
குடிவந்த நாலாம் நாள்
துருப்பிடித்த தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டினேன்.

பன்னிரண்டடிக்கு ஒன்பது.
உடைந்த வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று
நடுவில், அரசனைப் போல.
கல்லாய் இறுகிய சிமெண்ட் மூட்டை இரண்டு.
யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா ஃபிளெக்ஸ்
(அவள் இந்நேரம் கல்லூரி முடித்திருப்பாள்).
மாடிவீட்டு ஏசித் தண்ணீர்
சொட்டிச் சொட்டி
தரையில் வளர்த்திருந்த ஒரு பச்சைக் கோடு.

செக்காலைப் பக்கம் இந்த வாடகைக்கு
இவ்வளவு வானம் கிடைப்பது அபூர்வம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இரவு வேலை.
காரைக்குடி டீ குடிக்கும் நேரத்தில்
திரைச்சீலை இழுத்துப் படுப்பவள்.
சந்தேகம் வந்து என் ரத்தத்தையே ஒருநாள் பார்த்தேன்:
வைட்டமின் டி, ஒன்பது.
அதுவும் ஒன்பது.

டாய்லெட்டைத் தூக்க பெத்தபெருமாள் ஆட்டோவோடு வந்தார்.
"இதுலயே செடி வைக்கலாமே மேடம்."
வேண்டாம் என்றேன்.
முந்நூறு ரூபாய் கொடுத்து அரசனை அனுப்பிவைத்தேன்.

இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில்
உடைந்த பூக்கல் கிலோக் கணக்கில் கிடைத்தது.
ஒரு வளவின் இதழ்,
இன்னொரு வளவின் காம்பு,
எந்த ஊர் என்று கடைக்காரருக்கே தெரியாத
பச்சை ஓரம்.
பதிக்க வந்த கொத்தனார் சந்தியாகு
இரண்டு மணி நேரம் குந்தியிருந்து பொருத்திப் பார்த்துவிட்டு
"பூ சேர மாட்டேங்குதும்மா" என்றார்.
சேர வேண்டாம், வழுக்காமல் இருந்தால் போதும்.

முட்டை வெள்ளைக்கருப் பூச்செல்லாம்
வாடகைக்காரிக்குக் கிடையாது.
என் கை எட்டும் உயரம்வரை சுண்ணாம்பு;
அதற்கு மேல் சுவர்
அதன் பழைய குணத்திலேயே இருக்கிறது.

பெயிண்ட் டப்பாக்களில்
பிரண்டை, மணத்தக்காளி, ஒரு சங்குப்பூ.
சிமெண்ட் மூட்டை இருந்த மூலையில்
கேட்காமல் முளைத்த பப்பாளி.
குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்,
ஆகவே சொட்டுக்கு அடியில் ஒரு வாளி வைத்தேன்.

மேலே இருப்பவரைப் பார்த்ததில்லை.
படிக்கட்டில் ஒரு சோடிச் செருப்பு,
பலகையில் பெயர்: ஆவுடையப்பன்.
விடியலில் வாளி நிரம்பியிருந்தால்
நன்றாகத் தூங்கியிருக்கிறார்.
பாதி என்றால் கரண்ட் போயிருக்கும்,
அல்லது கரண்ட் பில் வந்திருக்கும்.
சித்திரையில் வழிந்தது.
வேலை முடிந்து வந்து
ஏழு மணி வெயிலில் நாற்காலி போட்டு
அவர் தூக்கத்தை
செடி செடியாகப் பிரித்து ஊற்றுவேன்.

வாடகைக்கு வந்த வீட்டுக்காரர் மகன்
பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.
செல்போனில் படம் எடுத்தார்.
அடுத்த மாதம் ஐந்நூறு கூட்டிக் கேட்டார்:
"சிட்அவுட் இருக்குல்ல."
என் போனிலிருந்த டாய்லெட் படத்தை நான் காட்ட,
அவர் பங்காளிகளின் எண்ணிக்கையைச் சொல்ல,
முந்நூறில் முடிந்தது.

ஆவணியில் மூன்று நாள் வாளி காய்ந்து கிடந்தது.
பிரண்டைக்குக் கவலையில்லை.
மணத்தக்காளி தலை தொங்கிவிட்டது.
மாடி ஏறினேன்.

போர்வையோடு கதவு திறந்தார்.
"காய்ச்சல்… உங்களுக்கு யார் சொன்னது?"
"வாளி" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
கையைப் பிடித்து ரத்தம் எடுத்தேன்;
தட்டணுக்கள் பரவாயில்லை.

நாலு நாள் கழித்துக் கீழே வந்தார்.
சுவரைப் பார்த்தார், பப்பாளியைப் பார்த்தார்,
தன் ஏசிக் குழாய் வந்து முடியும் இடத்தை
வெகுநேரம் பார்த்தார்.
உட்காருங்கள் என்ற பிறகுதான் கவனித்தேன்,
நாற்காலி ஒன்றுதான் இருந்தது.
சேராத பூவின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன்.
தரை சில்லென்றிருந்தது.

மறுநாள் காலை வாளியில்
நாலு விரல் தண்ணீர்.